கண் பட்ட பூசணி

காலையில் எழுந்தேன். உமிக்கரியால் பல் தேய்த்தேன். தெருக்குழாயில் ஒரு குடம் தண்ணீர் பிடித்தேன். அடுப்பில் கரி போட்டு ஊதினேன். சீனிக்குத் தட்டுப்பாடு என்பதால் கருப்பட்டிக் காப்பி. குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். வேட்டி கட்டினேன், சட்டை போட்டேன். கதவைப் பூட்டினேன்.

பூட்டும்போதுதான் சத்தம் கேட்டது. தண்ணீர் நிறைந்த பெரிய பானை மாடியிலிருந்து விழுந்ததுபோல ஒரு சத்தம். தோட்டத்துப் பக்கமிருந்து வந்தது.

போய்ப் பார்த்தேன். தோட்டத்து வாசலுக்கு நேரே, சந்தின் குறுக்காக, வெள்ளை வெளேரென்று சதை சிதறிக் கிடந்தது. சதை மேல் குங்குமம். நடுவில் கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பாண்டியம்மாள் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு நின்றாள். என் மனைவி ரெங்கம்மாளின் பெரியம்மா. எனக்கு அத்தை முறை. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு.

“என்ன அத்தை இது?”

“ஒண்ணுமில்ல மாப்ள. திருஷ்டி கழிச்சேன்.”

“எதை வச்சு?”

“பூசணிக்காய வச்சுத்தான். வேற எதை வச்சுக் கழிப்பாக, புடலங்காயவா?”

“எந்தப் பூசணிக்காய்?”

அவள் கற்பூரத்தைப் பார்த்தாள்.

தோட்டத்தில் இருந்தது ஒரே ஒரு பூசணிக்காய்தான். ஓர் ஆள் மூச்சுப் பிடித்துத் தூக்க வேண்டிய காய். இன்று காலை ஒன்பது மணிக்கு விவசாய ஆபீசர் வந்து பார்ப்பதாக இருந்த காய்.

எங்கள் சந்து சிம்மக்கல்லுக்கும் வைகைக்கும் நடுவில் இருக்கிறது. மேற்கே உள்ள கிராமங்களிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் கொஞ்சம், ராவுத்தர் வீடுகள் கொஞ்சம், சாயம் தோய்க்கும் சௌராஷ்டிர வீடுகள் கொஞ்சம். கடைசியில் கீரை விற்கும் தங்கப்பொண்ணுவின் சனங்கள். அவர்கள் ஊரில் பண்ணை வேலையை விட்டுவிட்டு மதுரைக்கு வந்தவர்கள். எல்லோருக்கும் நடுவில் ஒரு பழைய நந்தவனம். யாரோ எப்போதோ கோயில் பூவுக்காக விட்டது. நாங்கள் கல்யாணமாகிக் குடிவந்தபோது அதில் எருக்கும் நாயுருவியும் உடைந்த பானைகளும் இருந்தன. கிணறு தூர்ந்து கிடந்தது.

யுத்தம் வந்தது. பர்மா அரிசி நின்றது. அதிக உணவு பயிரிடுங்கள் என்று சர்க்கார் சுவரெல்லாம் எழுதிப் போட்டது. ஊரார் படித்துவிட்டுப் போனார்கள். ரெங்கம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு மண்வெட்டி வேண்டும் என்றாள்.

தனியாக எருக்கு வெட்ட ஆரம்பித்தாள். முதல் நாள் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். மறுநாள் தங்கப்பொண்ணு அரிவாளோடு வந்தாள். அதற்கடுத்த நாள் தையல்காரர் அமீர் ராவுத்தர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கினார். சாயக்காரப் பெண்கள் வந்தார்கள். தூர் வாரியதும் தண்ணீர் வந்தது. கூடவே சண்டையும் வந்தது. தங்கப்பொண்ணு தொட்ட கயிற்றைத் தொட மாட்டேன் என்றாள் பாண்டியம்மாள். ரெங்கம்மாள் முதல் வாளியைத் தங்கப்பொண்ணு கையில் கொடுத்து இறைக்கச் சொன்னாள். பாண்டியம்மாள் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவள் நட்ட கத்தரி வாட ஆரம்பித்ததும் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு கயிற்றைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஐப்பசி மழையில் ரெங்கம்மாளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம்தான்.

பூசணி அவள் போட்ட விதை. அவள் போன பிறகு கொடி ஓடியது. காய் பிடித்தது. பெருத்தது. தைமாசம் பிறந்தும் பெருத்துக்கொண்டே இருந்தது. நான் பி.ஏ. படித்தவன், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார் என்பதால் என்னைத் தோட்டத்துக்குச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள். முனிசிபாலிட்டி எங்களுக்கு இடம் கொடுத்தது ஒரு வருஷத்துக்கு. அது இந்த மாதம் முடிகிறது. விறகுக் கடை பேயாண்டி அதே இடத்தை விறகு அடுக்கக் கேட்டிருந்தார். ஆபீசர் வந்து பார்த்துச் சொல்வதுதான் முடிவு. நான் மனு எழுதினேன். அதில் பூசணியைப் பற்றி ஒரு வரி எழுதினேன்.

தோட்டம் போனால் விறகு வரும். விறகு அடுக்கிய இடத்தில் நின்று ரெங்கம்மாள் பேரை எடுக்க யாருக்கும் காரணம் இருக்காது. எனக்கு அது ஒன்றுதான் முக்கியமாகத் தெரிந்தது. மற்றதெல்லாம் எப்படிப் போனாலும் சரி என்றிருந்தேன்.

இப்போது பூசணி தெருவில் கிடந்தது.

அமீர் ராவுத்தர் கழுத்தில் அளவு நாடாவோடு ஓடி வந்தார். பார்த்தார்.

“யா அல்லா! அக்கா, இது நம்ம காயா?”

“நம்ம காய்தான். அடுத்தவக காய ஒடைக்க நான் என்ன கிறுக்கியா?”

தங்கப்பொண்ணு கீரைக் கூடையோடு சிம்மக்கல் மார்க்கெட்டுக்குக் கிளம்பி வந்தவள், கூடையை அப்படியே இறக்கி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். “ஆபீசர் வாராகளே ஆத்தா. எதைக் காட்டப் போற? இந்தக் கற்பூரத்தையா?”

“அவரு வாராருன்னுதான்டி ஒடைச்சேன்!” பாண்டியம்மாள் இடுப்பில் கை வைத்தாள். “நேத்துப் பொழுதடைய அந்தப் பேயாண்டி வந்து வேலிக்கு அங்கிட்டு நின்னான். ‘ஆத்தாடி, எம்புட்டுப் பெரிய காய்’னு சொன்னான். என் காதால கேட்டேன். அவன் கண்ணு சாதாரணக் கண்ணா? போன வருசம் எங்க மாட்டப் பாத்து ‘நல்ல மாடு, சாதுவான மாடு’ன்னான். மறுநா என்னைய ஒதைச்சுப்புருச்சு.”

“ஒன்னைய எந்த மாடும் ஒதைக்கும் ஆத்தா.”

“வாய மூடுடி. கண்ணு எது மேல விழுந்துச்சோ அதைத்தான ஒடைக்கணும்? இல்லாட்டி தோட்டமே போயிரும். கடையில ஒரு சுண்டக்காய்ப் பூசணி வாங்கி ஒடைச்சா, பேயாண்டி கண்ணுக்கு அது பத்துமா?”

ராவுத்தர்கூட யோசித்தார்.

“எனக்கென்ன, நானாவா செஞ்சேன்?” என்றாள் பாண்டியம்மாள். “ரெங்கம்மா சொல்லிட்டுத்தான் போனா. ‘பெரியம்மா, தோட்டத்துல கண்ணு படாமப் பாத்துக்க’ன்னு. அவ கடைசியாச் சொன்னதே அதுதான்.”

“கடைசியாச் சொன்னது புதினாவப் பத்தியில்ல?” என்றார் ராவுத்தர். “‘அண்ணே, கிணத்தோரம் பூராப் புதினா போடுங்க’ன்னு அந்தப் புள்ள எங்கிட்டச் சொல்லுச்சு. சத்தியம் வேணும்னாலும் செய்றேன்.”

“கீர போடச் சொன்னாக,” என்றாள் தங்கப்பொண்ணு. “எங்கிட்ட. கைய வேற பிடிச்சுக்கிட்டாக.”

“ஒன் கைய எதுக்குடி பிடிக்கிறா?”

“வேற யாரு கைய பிடிப்பாக? ஒன் கையவா? ஒன் கை எப்பப் பாத்தாலும் அடுத்தவக காய ஒடைச்சுக்கிட்டிருக்கு.”

இப்படித்தான் அந்த மூன்று மாதமும். எந்தப் பாத்தியில் எது போடுவது என்று தகராறு வந்தால் உடனே ரெங்கம்மாள் வருவாள். வெண்டைக்குச் சாதகமாகவும் சொல்லியிருப்பாள், எதிராகவும் சொல்லியிருப்பாள். சாயக்காரப் பெண்களிடம் மருதாணி வேலி பற்றிச் சொல்லியிருந்தாளாம். நான் எதிலும் தலையிட்டதில்லை.

அப்போது ஜட்கா வண்டி சந்துக்குள் திரும்பியது.

பெட்ரோல் கிடைக்காத காலம். ஆபீசர் ஜட்காவில்தான் வந்தார். தலையில் தக்கைத் தொப்பி. பக்கத்தில் டவாலி போட்ட பியூன். எதிரே சரிகைத் துண்டோடு பேயாண்டி. வண்டிக்கூலி அவருடையது என்று உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

“எறங்க வேணாம் சார்,” பேயாண்டியின் குரல் எங்களுக்கே கேட்டது. “வண்டியிலேர்ந்தே ஒரு பார்வை பாத்துக்கிரலாம். உள்ள ஒரே சகதி. வீட்டுல இட்லி ஆறிக்கிட்டிருக்கு. கறிக்கொழம்பும் இருக்கு.”

ஆபீசர் தலையாட்டினார். ஜட்கா தோட்டத்து வாசலைத் தாண்டப் பார்த்தது.

குதிரை நின்றது.

விலா எலும்பெல்லாம் தெரிகிற குதிரை. தலையைக் கீழே போட்டது. ஒரு துண்டு பூசணியைக் குங்குமத்தோடு எடுத்தது. மென்றது. அடுத்த துண்டை எடுத்தது.

வண்டிக்கார மருது கயிற்றை இழுத்தான். “ஹை! ஹை! ஏய் மூதேவி!”

குதிரை காதை ஆட்டிவிட்டு மென்றது.

“என்னய்யா நிக்கிது?” என்றார் ஆபீசர்.

“பசி சாமி. நாலு நாளா கொள்ளு கெடைக்கல. மனுசனுக்கே ரேஷன், குதிரைக்கு யாரு குடுக்கிறா? இம்புட்டையும் தின்னாமப் போகாது.”

“அடிடா,” என்றார் பேயாண்டி.

“அடிச்சாப் பின்னால போகும் சாமி. பின்னால சாக்கட.”

இதைக் கேட்டதும் தங்கப்பொண்ணு எழுந்தாள். தன் கூடையிலிருந்து ஒரு கட்டுத் தண்டுக்கீரையை எடுத்தாள். நிதானமாக நடந்து போய்க் குதிரையின் முன்னால் வைத்தாள். மார்க்கெட்டில் விற்க வேண்டிய கீரை. இன்னொரு கட்டும் வைத்தாள்.

“ஏய், என்ன பண்ற?”

“பாவம் சாமி. வாயில்லா சீவன்.”

பேயாண்டி கீழே எட்டிப் பார்த்தார். அப்போதுதான் குங்குமம் கண்ணில் பட்டது. காலை மேலே இழுத்துக்கொண்டார். “இது திருஷ்டிக் காயில்ல! எவ ஒடைச்சா? யாருக்காக ஒடைச்சா?”

“ஒங்களுக்காகத்தான் அண்ணே,” என்றாள் பாண்டியம்மாள் மரியாதையாக.

ஆபீசர் பியூனைப் பார்த்தார். “இறங்கி அதையெல்லாம் ஓரமாத் தள்ளு.”

“நான் தாண்ட மாட்டேன் சார். பிள்ளகுட்டிக்காரன்.”

“நான்சென்ஸ்.” ஆபீசர் தாமே இறங்கினார். ஒரு பக்கம் சாக்கடை. மறு பக்கம் தோட்டத்து வாசல். வாசல் பக்கம் காலை வைத்தார். பூட்ஸ் கால் பூசணிச் சதையில் பட்டது.

அவர் நடந்து உள்ளே போகவில்லை. போனார், அவ்வளவுதான். வாசலைத் தாண்டி, கத்தரிப் பாத்தியைத் தாண்டி, இரண்டு கையையும் விரித்தபடி, நேராக நின்றபடியே போனார். ராவுத்தர் “சார் சார் சார்” என்று பக்கத்திலேயே ஓடினார். புடலைப் பந்தல் வந்ததும் ஆபீசர் அதன் காலைக் கட்டிப் பிடித்தார். பந்தல் ஆடியது.

புடலங்காய் கோணாமல் வளர நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிடுவார்கள். எங்கள் பந்தலில் எல்லாக் காய்க்கும் கல் இருந்தது. எல்லாக் கல்லும் ஆடின. ஆபீசர் கை நழுவிக் கீரைப் பாத்தியில் உட்கார்ந்தார். அவருடைய தொப்பி ஒரு புடலங்காயில் மாட்டிக்கொண்டு ஆடியது.

பேயாண்டிக்குப் பொறுக்கவில்லை. ஆபீசரை எங்களோடு தனியே விடக்கூடாது என்று நினைத்திருப்பார். திருஷ்டிக் காயை மிதிக்காமல் வண்டியிலிருந்தே ஒரே தாவு தாவி உள்ளே ஓடி வந்தார். “சார், நான் சொன்னேன்ல, சகதி...”

ஒரு கல் ஆடித் திரும்பி வந்தது. டொக்.

இரண்டு புருவத்துக்கும் நடுவில்.

“சுபஹானல்லா,” என்றார் ராவுத்தர் மெதுவாக. “கண்ணு வந்த எடத்துக்கே திரும்பிப் போயிருச்சு.”

அந்த நேரம் பார்த்துத்தான் சாயக்காரப் பெண்கள் சத்தம் கேட்டு ஓடி வந்தார்கள். பட்டறையிலிருந்து வந்த கை. முழங்கை வரை சிவப்பு. சொட்டிக்கொண்டிருந்தது. ஆபீசரைத் தூக்கிவிட நாலு பேரும் குனிந்தார்கள். அவர் அந்தக் கைகளைப் பார்த்தார். வீல் என்று கத்தினார்.

“சாயம் சார்! சாயம்!” என்று நாங்கள் எல்லோரும் கத்தினோம்.

“இது சாயமா?”

“சாயம்தான் சார்! கெட்டிச் சாயம்! போகவே போகாது!”

போகவில்லை. அவருடைய வெள்ளைக் கோட்டின் இரண்டு கைகளிலும் சிவப்பு விரல்கள் பதிந்தன. எழுந்து நின்று அதைப் பார்த்தார். பேயாண்டியின் நெற்றியைப் பார்த்தார். புடலங்காயில் ஆடிய தொப்பியைப் பார்த்தார். வாய் கோணியது. கோபம் என்று நினைத்தேன். தோட்டம் போனது என்று நினைத்தேன்.

ஆபீசர் சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு வயிற்றால். பியூன் வண்டியிலிருந்தபடியே சிரித்தான். மருது சிரித்தான். தங்கப்பொண்ணு கீரைக் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் விழுந்து சிரித்தாள். எனக்கு வயிற்றில் ஏதோ இழுத்தது. சுளுக்கு என்று நினைத்தேன். பிறகுதான் அதுவும் சிரிப்பு என்று தெரிந்தது. ஐப்பசிக்குப் பிறகு வராதது. கிணற்றுக் கல்லைப் பிடித்துக்கொண்டேன். நிற்கவில்லை. விக்கல் வந்தது. விக்கலோடும் சிரித்தேன்.

பாண்டியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. “நான்தான் சொன்னேன்ல, கண்ணு கழிஞ்சிருச்சு,” என்றாள்.

பிறகு ஆபீசர் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். ஏற்கனவே உள்ளே வந்துவிட்டார், வண்டியும் நகர்கிறதாக இல்லை. கத்தரியைப் பார்த்தார். கீரையை, அவர் உட்கார்ந்தது போக மீதியை, பார்த்தார். புதினாவைக் கிள்ளி முகர்ந்தார். கிணற்றில் தங்கப்பொண்ணு இறைத்து ஊற்ற, கையைக் கழுவினார். சாயம் போகவில்லை.

“மனுவில் ஒரு பெரிய பூசணிக்காய் என்று எழுதியிருந்ததே, வாத்தியாரே?”

எல்லோரும் குதிரையைப் பார்த்தோம். கடைசித் துண்டு அதன் வாயில் இருந்தது.

“அதுதான் சார்,” என்றேன். விக்கினேன்.

ஆபீசர் குதிரையின் வயிற்றைச் சற்று நேரம் பார்த்தார். “நல்ல காய்தான் போலிருக்கு. இந்தத் தோட்டத்துக்கு யார் பொறுப்பு?”

“ரெங்கம்மா,” என்று எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

“கூப்பிடுங்க.”

குதிரை மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

“என் மனைவி,” என்றேன். “ஐப்பசியில் இறந்துபோனாள்.”

அவர் புடலங்காயிலிருந்து தொப்பியை எடுத்தார். தலையில் வைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டார்.

“இருந்தா என்ன, இல்லாட்டி என்ன சார்?” என்றாள் பாண்டியம்மாள். “இன்னிக்கும் இங்க அவ சொல்றதுதான். அவ சொல்லாம நாங்க ஒரு வெத போட மாட்டோம்.”

ஆபீசர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

“அப்போ அந்தம்மாவே பார்த்துக்கட்டும்,” என்றார். “இன்னும் ரெண்டு வருஷம். அதற்கப்புறம் வந்து பார்க்கிறேன். இந்தக் கோட்டுப் போட்டுக்கொண்டு வர மாட்டேன்.”

“சார், இட்லி...” என்றார் பேயாண்டி. நெற்றி எலுமிச்சம்பழம் போல வீங்கியிருந்தது.

“நீங்க போய்ச் சாப்பிடுங்க. நான் நடந்தே போறேன். பார்த்துப் போங்க, அங்கே வழுக்குது.”

ஆபீசரும் பியூனும், பின்னாலேயே பேயாண்டியும் சந்து முனையில் திரும்பியதும் ஒரே கூச்சல். ராவுத்தர் அளவு நாடாவைச் சுழற்றினார். சாயக்காரப் பெண்கள் கையால் ஒருவர் கன்னத்தை ஒருவர் தடவிக் கன்னமெல்லாம் சிவப்பு. மருது யாரும் சொல்லாமலே குதிரையை அவிழ்த்துத் தோட்டத்துக்குள் விட்டான். தங்கப்பொண்ணு பாண்டியம்மாளைக் கட்டிப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். இரண்டு பேரும் கத்தரிப் பாத்தியில் விழுந்தார்கள்.

விழுந்த இடத்திலிருந்தே பாண்டியம்மாள் சொன்னாள்: “பூசணிக் குழி காலியாக் கெடக்கு. அதுல கத்தரி வைக்கணும். ரெங்கம்மா சொல்லியிருக்கா.”

“புதினா,” என்றார் ராவுத்தர்.

“ஆத்தா, சத்தியமாக் கீரதான்!”

“அட, எதுக்கு வீண் பேச்சு?” ராவுத்தர் என் பக்கம் திரும்பினார். “வாத்தியார் தம்பி இங்கதான நிக்கிறாரு. அந்தக் கடைசி நேரத்துல உள்ள இருந்தது அவருதான. நம்ம எல்லாரும் வாசலோட சரி. தம்பி, நீங்களே சொல்லுங்க. அவரு சொல்றதுதான் முடிவு. என்னக்கா?”

“மாப்ள சொல்லட்டும்,” என்றாள் பாண்டியம்மாள். மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். “அவரு பொய் சொல்ல மாட்டாரு. கத்தரின்னுதான் சொல்வாரு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குதிரையும் தலையைத் தூக்கியிருந்தது. இதுவரை என்னை யாரும் கேட்டதில்லை. நானும் இதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சிரிப்பு இன்னும் தொண்டையில் இருந்தது. அதனால் சொல்ல முடிந்தது.

ஐப்பசியில் அந்தக் கடைசி நாள் சாயங்காலம் பாண்டியம்மாள் மிளகு ரசம் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். ரெங்கம்மாள் இரண்டு வாய் குடித்தாள். பாண்டியம்மாள் வாசலுக்குப் போனாள். ரெங்கம்மாள் என்னைக் கிட்ட வரச் சொல்லிக் காதில் ஒன்று சொன்னாள். பிறகு தூங்கினாள். அதற்குப் பிறகு பேசவில்லை.

அதைச் சொன்னேன். தங்கப்பொண்ணு மறுபடியும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ராவுத்தர் அளவு நாடாவால் வாயைப் பொத்திக்கொண்டார். பாண்டியம்மாள் வானத்தைப் பார்த்து, “போட்டேன்டி! ஒரு கை போட்டேன்டி, சண்டாளி!” என்று சந்தே கேட்கக் கத்தினாள்.

ரெங்கம்மாள் சொன்னது இவ்வளவுதான்:

“பெரியம்மா ரசத்துல உப்பே போடல. சொல்லிப்புடாதீக, அழுதுரும்.”